பத்து என்றால் எந்தப் பத்து?



ஓர் உடற்கல்வி ஆசிரியர் பெயரில் சொற்பொழிவு நடப்பது அபூர்வம். தமிழாசிரியர்களுக்கு உண்டு, கணக்கு வாத்தியார்களுக்குக்கூட உண்டு. டிரில் மாஸ்டருக்கு யார் பணம் போட்டு அறக்கட்டளை வைப்பார்கள்? இங்கே அவருடைய பழைய மாணவர்கள் வைத்திருக்கிறார்கள். நான் அவரிடம் படித்தவன் அல்ல. ஆனால் என்னை அழைக்க வந்த மூன்று பேர், மூவரும் அறுபதைக் கடந்தவர்கள், ஒரே கதையைத்தான் சொன்னார்கள். பஸ்கி எடுக்கும்போது மாஸ்டர் எண்ணுவார். அஞ்சு, ஆறு, ஏழு. ஏழாவதில் ஒருவன் பாதி உட்கார்ந்து எழுந்துவிட்டால் அடுத்து எட்டு வராது. மறுபடியும் ‘ஏழு’ என்பார். அதிலும் கால் மடங்கவில்லை என்றால் இன்னொரு ‘ஏழு’. அந்த ஒருவனுக்காக மொத்த வரிசையும் ஏழிலேயே நிற்கும். ஒரு நாள் பதினோரு தடவை ஏழு சொன்னாராம். எண்ணியவர் இந்த அரங்கில்தான் இருக்கிறார்.

அந்த இரண்டாவது ‘ஏழு’ பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அதை ஒரு கருவியால் சொல்ல முடியுமா? உடம்பில் கட்டிக்கொள்ளும் சென்சார் வந்துவிட்டது, முழங்காலில் ஒன்று, முழங்கையில் ஒன்று, தோளில் ஒன்று. அதைக் கட்டிக்கொண்டு உடற்பயிற்சி செய்தால் எத்தனை முறை செய்தோம், சரியாகச் செய்தோமா என்று இரண்டையும் ஃபோன் சொல்லும் என்கிறார்கள். நான் இயன்முறை மருத்துவம் செய்பவன், அதாவது பிசியோதெரபிஸ்ட். இந்தப் பட்டைகளை நோயாளிகளின் காலில் கட்டியும் அவிழ்த்தும் சில ஆண்டுகள் ஆகின்றன. அந்த அனுபவத்திலிருந்து பேசுகிறேன்.

எண்ணுவதிலிருந்து தொடங்கலாம், அதுதான் சுலபம். 1964-இல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது. அடுத்த ஆண்டு யமாசா என்ற ஜப்பானிய நிறுவனம் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அடி எண்ணி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் மான்போ-கெய். மான் என்றால் பத்தாயிரம், போ என்றால் அடி, கெய் என்றால் அளக்கும் கருவி. இன்று டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்ததுபோல ஊர் முழுக்கச் சொல்லும் ‘ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி’ ஒரு கடைச்சரக்கின் பெயரிலிருந்து வந்ததுதான். 2019-இல் அமெரிக்காவில் வயதான பெண்கள் ஏறத்தாழ 17,000 பேரை வைத்து வந்த ஆய்வில், நடக்க நடக்க இறப்பு அபாயம் குறைந்தது. ஆனால் ஏறக்குறைய 7,500 அடியோடு அந்த இறக்கம் நின்றுவிட்டது. மீதி 2,500 அடி யமாசாவின் உபயம்.

அந்தக் காலத்து அடி எண்ணிக்குள் சிறிய ஊசல் இருந்தது. இடுப்பு குலுங்கினால் ஊசல் ஆடும், ஆடினால் பல்சக்கரம் ஒரு பல் நகரும். இப்போது அந்த வேலையைச் சிலிக்கான் சில்லு செய்கிறது. முடுக்கமானி என்று பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும். 1990-களின் தொடக்கத்தில் இதற்குக் கிடைத்த பெரிய வேலை கார்களின் காற்றுப்பையை விரிக்கச் சொல்வது. மோதல் நடந்ததா என்று கண்டுபிடிக்க வந்த சில்லு, பிறகு விளையாட்டுக் கருவிக்குள் போய், ஃபோனுக்குள் போய், மணிக்கட்டில் ஏறிவிட்டது. உள்ளே, கண்ணுக்குத் தெரியாத வில்களில் தொங்கும் ஒரு துளி எடை. உடம்பு அசைந்தால் அந்த எடை பின்தங்கும். பின்தங்கிய தூரத்தை மின்தேக்கத்தின் மாற்றமாக அளக்கிறார்கள். அவ்வளவுதான்.

இதை வைத்து பஸ்கியையோ தண்டாலையோ எண்ணுவது எப்படி? திரையில் அலை வரும். ஏறி இறங்கினால் ஒன்று. சிகரங்களை எண்ணிவிட்டால் கணக்கு முடிந்தது என்று தோன்றும். முடியாது. ஜிம்மில் ஒருவர் ஒரு செட் முடித்துவிட்டு டம்பெல்லை ஸ்டாண்டில் வைப்பார், துண்டால் முகம் துடைப்பார், தண்ணீர் குடிப்பார், கண்ணாடி முன்னால் நின்று கையை மடக்கிப் பார்த்துக்கொள்வார். அத்தனையும் அலைதான். 2014-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் ரெக்கோஃபிட் என்று ஓர் ஏற்பாட்டை வெளியிட்டார்கள், கையில் கட்டும் ஒரே சென்சார். பயிற்சி எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று பிரிப்பதையே தனிச் சிக்கலாக எடுத்துக்கொண்டார்கள். எண்ணுவது அதற்குப் பிறகுதான்.

என் கைக்கடிகாரத்தின் கதை தனி. எங்கள் வீட்டில் தேங்காய் துருவுவது என் பொறுப்பு. ஒரு மூடி துருவி முடித்தால் நான் தெருமுனைவரை போய் வந்ததாகக் கடிகாரம் பாராட்டும். அதே கடிகாரம், பெரிய கடையில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் சுற்றினால் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. கை அசையவில்லை அல்லவா. மணிக்கட்டில் இருப்பது மணிக்கட்டின் ஆட்டத்தை அறியும். கால் என்ன செய்கிறது என்பது அதற்கு ஊகம்.

மூட்டு என்று வந்தால் ஒரு சென்சார் போதாது என்பதற்குக் காரணம் இதுதான். முழங்கால் மடங்கியது என்றால் தொடை எலும்புக்கும் கணைக்கால் எலும்புக்கும் நடுவே கோணம் மாறியது என்று பொருள். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு காலை நீட்டினால் கணைக்கால் மட்டும் நகரும். பஸ்கியில் இரண்டுமே நகரும். படுத்துக்கொண்டு காலை நேராகத் தூக்கினால் இரண்டும் சேர்ந்தே நகரும், முழங்கால் கோணம் மாறவே மாறாது. கணைக்காலில் மட்டும் கட்டிய சென்சார் இந்த மூன்றையும் குழப்பிக்கொள்ளும். தொடையில் ஒன்று, கணைக்காலில் ஒன்று, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கோணம்.

மூட்டின் கோணத்தை நடக்கும்போதே பிடிக்க வேண்டும் என்ற ஆசை பழையது. 1880-களில் பாரிசில் எத்தியென்-ஜூல் மாரே ஓர் ஆளுக்கு முழுக்கக் கறுப்பு உடை போட்டு, கைகால்களின் ஓரமாக வெள்ளைப் பட்டைகள் ஒட்டி, கறுப்புச் சுவருக்கு முன்னால் ஓடவிட்டு, ஒரே தகட்டில் படத்துக்கு மேல் படமாக எடுத்தார். தகட்டில் ஆள் இல்லை, கோடுகள் மட்டும், கம்பிப் பொம்மை ஓடுவதுபோல. எனக்கு அதைவிடப் பிடித்தது லைப்சிக்கில் நடந்தது. 1891. வில்ஹெல்ம் பிரவுனே உடற்கூற்றியலாளர், ஆட்டோ ஃபிஷர் கணிதர். ஒரு படைவீரரைப் பிடித்து, அவர் கைகால்களில் கெய்ஸ்லர் குழாய்களைக் கட்டினார்கள். கெய்ஸ்லர் குழாய் என்பது நியான் விளக்கின் மூதாதை. உயர் மின்னழுத்தம் கொடுத்தால் உள்ளே இருக்கும் வாயு ஒளிரும். உடம்பில் மின்சாரம் பாயாதபடி காப்பு வைத்து, இருட்டில், மின்னி மின்னி அணையும் குழாய்களோடு அவரை நடக்கச் சொன்னார்கள். கட்டுவதற்கே மணிக்கணக்கில் ஆனது. அவர் நடந்தது சில அடிகள். பல காமிராக்கள் சேர்ந்து அந்த ஒளிக்கோடுகளைப் பிடித்தன. பிறகு ஃபிஷர் உட்கார்ந்து கணக்குப் போட்டார். அடுத்த ஆண்டே பிரவுனே இறந்துவிட்டார். ஃபிஷர் விடவில்லை. ‘மனித நடை’ என்ற அந்த நூலின் பகுதிகள் 1895 தொடங்கி 1904 வரை வந்துகொண்டிருந்தன. அந்த வீரருடைய பெயரை நான் படித்த எதிலும் பார்க்கவில்லை. உடம்பில் கருவி கட்டிக்கொண்டு மூட்டுக் கோணம் கொடுத்த முதல் ஆட்களில் அவர் ஒருவர். ஒரு சிலை வைத்திருக்கலாம்.

1959-இல் அமெரிக்காவில் பீட்டர் கார்ப்போவிச் மின்கோணமானியைக் கொண்டுவந்தார். நாங்கள் அன்றாடம் பயன்படுத்தும் கோணமானி ஜாமெட்ரி பெட்டியின் பாகைமானிக்குப் பெரியப்பா முறை, இரண்டு கை கொண்டது. அதன் நடுமூட்டில் பழைய ரேடியோவின் வால்யூம் திருகி போன்ற ஒரு மின்தடையை வைத்தார். மூட்டு மடங்க மடங்க வால்யூம் ஏறி இறங்கும், அதைத் தாளில் வரையலாம். எளிமை என்றால் அப்படி இருக்க வேண்டும். ஆனால் அதன் கீல், காலின் கீலோடு சரியாகப் பொருந்தினால்தான் உண்மை சொல்லும். அந்தச் சிக்கலைப் பிறகு பார்ப்போம்.

இப்போதைய பட்டைகளில் இருப்பது வேறு சங்கதி. சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குள் எம்பியூ-6050 என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். இறுதியாண்டுப் பொறியியல் மாணவர்களின் புராஜெக்ட்டுகளில் பாதி அதில்தான் ஓடுகிறது. சில்லு நான்கு மில்லிமீட்டர் சதுரம். அதற்குள் மூன்று திசைக்கு மூன்று முடுக்கமானி, மூன்று அச்சுக்கு மூன்று கைரோ. முடுக்கமானிக்குப் பூமி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரியும், அதனால் சாய்வு தெரியும். ஆனால் காலை உதறினால் உதறலையும் ஈர்ப்பையும் பிரித்தறியத் தெரியாமல் தடுமாறும். கைரோ, எவ்வளவு வேகமாகத் திரும்புகிறோம் என்று சொல்லும். அதற்குள் அதிர்ந்துகொண்டே இருக்கும் சிலிக்கான் துண்டு, திரும்பும்போது பக்கவாட்டில் தள்ளப்படுகிறது. கொரியோலிஸ் 1835-இல் எழுதிய அதே விசை. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் கோணம் கிடைக்கும். கூட்டும்போது பிழையும் கூடும். வினாடிக்கு ஒரு பாகை பொய் சொல்லும் கைரோ, ஒரு நிமிடத்தில் அறுபது பாகை பொய் சேர்த்துவிடும். நீங்கள் அசையாமல் படுத்திருப்பீர்கள், திரையில் உங்கள் கால் மெல்ல மேலே போய்க்கொண்டிருக்கும். முதல்முறை பார்த்த ஒரு பாட்டி சாமி கும்பிட்டார்.

இதற்குத் தீர்வு நாம் எல்லோரும் கரண்ட் போன இரவில் செய்வதுதான். இருட்டில் அடி எண்ணிக்கொண்டு நடப்போம், அவ்வப்போது கையை நீட்டிச் சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொள்வோம். கைரோ அடி எண்ணுகிறது, முடுக்கமானி சுவர். எந்த நொடியில் யாரை எவ்வளவு நம்புவது என்று கணக்கிடும் முறையை ருடால்ஃப் கால்மன் 1960-இல் எழுதினார், விண்கலங்களுக்குப் பயன்பட்டது. இப்போது முழங்கால் பட்டைக்குள் ஓடுகிறது.

சாய்வு சரி. கிழக்கா மேற்கா என்பதற்கு ஈர்ப்பு உதவாது, காந்தமானி வேண்டும். காந்தமானி வடக்கைத் தேடும். அதைக் கொண்டுபோய் எங்கே வைக்கிறோம்? ஜிம்மில். சுற்றிலும் இரும்புத் தட்டு, இரும்புத் தண்டு, இரும்பு ராக். ஆஸ்பத்திரியில் இரும்புக் கட்டில், போதாததற்குப் பக்கத்துப் படுக்கைக்காரரின் சக்கர நாற்காலி. வடக்கு எந்தப் பக்கம் என்று அது படுக்கைக்குப் படுக்கை ஒரு சொல் சொல்லும். அதனால் நல்ல ஏற்பாடுகள் காந்தமானியை நம்பாமலே சமாளிக்கப் பார்க்கின்றன.

கர்லாக்கட்டை சுற்றத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கலாம். கட்டை தலைக்குப் பின்னால் போய், தோளைச் சுற்றி, முன்னால் வரும். தோளின் அந்த அசைவை மேல்-கீழ், முன்-பின், உள்-வெளி என்று மூன்று கோணமாக எழுதினால் சில நிலைகளில் இரண்டு கோணங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, கணக்கு மாட்டிக்கொள்ளும். அப்போலோ 11-இல் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்த மைக்கேல் காலின்ஸ், கிறிஸ்துமசுக்குக் கைரோவைத் தாங்கும் நாலாவது வளையம் ஒன்று அனுப்புங்கள் என்று கேலி செய்தது இந்தச் சிக்கலைப் பற்றித்தான். தப்பிக்கும் வழியை அயர்லாந்தின் ஹாமில்டன் 1843 அக்டோபர் 16 அன்று டப்ளினில் கால்வாய்க் கரையோரம் நடந்துபோகும்போது கண்டுபிடித்து, பாலத்துக் கல்லில் கீறி வைத்தார். மூன்றுக்குப் பதில் நான்கு எண்கள். அந்த எண்களுக்கு ஒரு பயனும் இல்லை என்று பலர் சொன்ன காலம் உண்டு. இன்று தண்டால் எண்ணும் ஆப் கூட அதைத்தான் பெருக்கிக்கொண்டிருக்கிறது.

சில்லு பற்றி இவ்வளவு போதும். என்னுடைய தொல்லைகள் எல்லாம் சில்லுக்கு வெளியேதான்.

சென்சார் எலும்பில் இல்லை. தோலில்கூட இல்லை, தோலுக்கு மேல் கட்டிய பட்டையில் இருக்கிறது. தோலுக்கும் எலும்புக்கும் நடுவே கொழுப்பு, தசை. பஸ்கியில் தொடைத்தசை திரளும்போது பட்டை உருளும். தொடையில் தோல், எலும்பைவிட்டு சென்டிமீட்டர் கணக்கில் நகர்கிறது. எலும்பு உண்மையில் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள, 1992-இல் லஃபார்ட்டூன் குழுவினர் தொடை எலும்பிலும் கணைக்கால் எலும்பிலும் ஊசி இறக்கி, அதன் மேல் குறியடையாளம் பொருத்தி ஆட்களை நடக்கவிட்டார்கள். என் நோயாளிகளிடம் அந்த யோசனையைச் சொல்ல முடியாது. அவர்களிடம் உள்ள சிக்கல் வேறு. மூட்டுவலிக்காரர் யாரும் காலில் தைலம் தடவாமல் வருவதில்லை. தைலத்தின் மேல் வெல்குரோ பட்டை கட்டினால் ஆறாவது மடக்கலில் அது கணுக்காலுக்கு வந்துவிடும். அக்னி நட்சத்திரத்தில் தைலம் வேண்டாம், வியர்வையே போதும். காமிரா வைத்துக் கோணம் பார்க்கும் ஆப்புகளை எடுத்துக்கொள்ளலாமே என்பார்கள். புடவைக்குள் இருக்கும் முழங்காலைக் காமிரா எப்படிப் பார்க்கும்? அந்த ஒரு காரணத்துக்காகவே எங்கள் ஊருக்குப் பட்டைதான் தோது என்று நினைக்கிறேன்.

இனி அந்தக் கீல். முழங்காலைக் கதவுக் கீல் என்று பாடத்தில் படித்தோம். அது பாதி உண்மை. மடங்கும்போது தொடை எலும்பின் உருண்டை முனை உருளவும் செய்கிறது, வழுக்கவும் செய்கிறது. சுழலும் மையம் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. கால் முழுதாக நீளும் கடைசிக் கட்டத்தில் கணைக்கால் எலும்பு சற்று வெளிப்பக்கம் திரும்பித் திருகாணி போலப் பூட்டிக்கொள்கிறது. நீங்கள் வெகுநேரம் களைப்பில்லாமல் நிற்க அந்தப் பூட்டும் ஒரு காரணம். 2022-இல் சென்னை ஐஐடி வெளிக்கொண்டுவந்த ‘கடம்’ என்ற செயற்கை முழங்கால் கூட ஒற்றைக் கீல் வைக்காமல் பல மையம் வைத்துத்தான் செய்யப்பட்டிருக்கிறது. கார்ப்போவிச்சின் மின்கோணமானிக்கு இருந்த சங்கடம் இதுதான்: நிலையான கீலை நிலையில்லாத கீலின் மேல் ஒட்டவேண்டியிருந்தது. இப்போதைய சென்சாருக்கு அந்தக் கீல் வேண்டாம். ஆனால் எந்தப் பக்கம் எலும்பின் நீளவாட்டம் என்று அதற்கு யாராவது சொல்ல வேண்டும். அதற்காகத்தான் கட்டியவுடன் ‘நேராக நில்லுங்கள்’ என்கிறது ஆப். பத்து வருடமாக முழங்கால் தேய்ந்து வளைந்துபோனவர் நேராக நிற்பது எப்படி? அவருடைய கோணலை அது பூஜ்யம் என்று எழுதிக்கொள்ளும். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு எண்ணும் சுத்தமான, நம்பகமான, அதே அளவு தவறான எண்.

சரி, கோணம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இரண்டாவது ‘ஏழு’க்கு அது போதுமா?

2013-இல் எடுவார்டோ வெல்லோசோவும் கூட்டாளிகளும் செய்த ஒரு சோதனையை என் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சொல்வேன். ஆறு இளைஞர்கள். கையில் 1.25 கிலோ டம்பெல். பைசெப்ஸ் கர்ல், அதாவது முழங்கையை மடக்கி எடையைத் தூக்குவது. கையுறையில், மேற்கைப் பட்டையில், இடுப்பு பெல்ட்டில், டம்பெல்லில் என்று நான்கு சென்சார்கள். ஒவ்வொருவரும் ஐந்து விதமாகப் பத்துப் பத்து முறை செய்தார்கள். ஒன்று சரியான முறை. மற்ற நான்கும் தப்பு: முழங்கையை முன்னால் எறிவது, பாதிவரை மட்டும் தூக்குவது, பாதிவரை மட்டும் இறக்குவது, இடுப்பை முன்னால் தள்ளி உந்துவது. நம் ஊர் ஜிம்மில் கோச் ‘ஸ்விங் கொடுக்காதே’ என்று கத்துவது அந்தக் கடைசித் தப்புக்குத்தான். தப்பு எது என்று இயந்திரம் நூற்றுக்கு 98 அளவில் சரியாகச் சொன்னது. கைதட்டலாம். ஆனால் அவர்கள் நேர்மையானவர்கள், இன்னொன்றும் செய்தார்கள். ஐந்து பேரை வைத்துக் கற்பித்துவிட்டு, அது பார்த்தே இராத ஆறாமவரைக் கொடுத்தார்கள். 98 இறங்கி 78-ஐ ஒட்டி வந்துவிட்டது.

இருபது புள்ளி எங்கே போனது? அந்த இயந்திரம் தப்பை மட்டும் கற்கவில்லை, ஆளையும் கற்றிருந்தது. இன்னார் இப்படித்தான் இடுப்பைத் தள்ளுவார் என்று அதற்குத் தெரியும். முன்பின் தெரியாத ஒருவரின் இடுப்பு வேறு மாதிரி. ஒரே வகுப்பை முப்பது வருடம் திருத்திய வாத்தியாருக்குக் கையெழுத்தைப் பார்த்ததும் மதிப்பெண் தோன்றுவதுபோல. அந்தத் தரவுத் தொகுப்பை இணையவழிப் பாடங்களில் பயிற்சிக்குக் கொடுக்கிறார்கள். மாணவர்கள் 99 வந்தது என்று சந்தோஷமாக வருவார்கள். புது ஆளுக்குப் போட்டுப் பார்த்தாயா தம்பி என்று கேட்டால் வைவாவில் மௌனம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்த ஆறு பேரும் தப்பை நடித்தார்கள். ‘இப்போது இடுப்பைத் தள்ளு’ என்றதும் தள்ளினார்கள். வாழ்க்கையில் தப்பு அப்படி வருவதில்லை. எட்டாவது ரெப்வரை ஒழுங்காகப் போகும், ஒன்பதாவதில் தோள் கொஞ்சம் ஏறும், பத்தாவதில் முதுகு உதவிக்கு வரும். எந்த இடத்தில் சரி முடிந்து தப்பு தொடங்கியது என்று கோடு போடச் சொன்னால் இரண்டு கோச்சுகள் இரண்டு இடத்தில் போடுவார்கள்.

கோச்சுகளே ஒத்துப்போகாத இடங்களும் உண்டு. ஸ்குவாட் செய்யும்போது முழங்கால், கால்விரலைத் தாண்டி முன்னால் போகக்கூடாது என்று ஜிம்முக்கு ஜிம் சொல்கிறார்கள். பல ஆப்புகள் தாண்டினால் சிவப்பு விளக்குப் போடுகின்றன. 2003-இல் ஃப்ரை என்பவரும் சகாக்களும் பயிற்சி பெற்ற ஏழு ஆண்களை வைத்துப் பார்த்தார்கள். கால்விரலுக்கு முன்னால் தடுப்பு வைத்து, முழங்கால் தாண்டாமல் செய்யச் சொன்னபோது முழங்காலில் திருப்புவிசை 150 நியூட்டன்-மீட்டரிலிருந்து 117-க்குக் குறைந்தது. நல்லதுதானே? அதே நேரம் இடுப்பில் 28-ஆக இருந்தது 302-க்குப் போய்விட்டது. முழங்காலைக் காப்பாற்றிய விதி சுமையை இடுப்பின் தலையில் கட்டியது. முழங்கால் சென்சாருக்கு இது தெரிய வழியே இல்லை; அதைப் பொறுத்தவரை பச்சை விளக்கு.

பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே எல்லைக்கோட்டை யார் போட்டார்கள் என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும். நடக்கும்போது முழங்கால் அறுபது பாகை சொச்சம் மடங்குகிறது. படி ஏற, நாற்காலியிலிருந்து எழ, தொண்ணூறை ஒட்டி. நாற்காலியில் வாழும் ஊரில் எழுதிய ஆப், 110 வந்ததும் வாழ்த்துச் சொல்லி வாணவேடிக்கை காட்டும். பந்தியில் சம்மணமிட, கழிப்பறையில் குத்துக்காலிட்டு உட்கார, பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட 130-க்கு மேல் வேண்டியிருக்கும் உடம்பு இது. அறுவை செய்த முழங்காலை அவ்வளவு மடக்கலாமா என்பது அறுவை மருத்துவரும் நோயாளியும் பேசி முடிவு செய்யவேண்டியது. வாணவேடிக்கை அந்தப் பேச்சை நடக்கவிடாமல் செய்துவிடுகிறது.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் நான் ஏன் இதைக் கட்டுகிறேன்? சொல்கிறேன்.

நம் எல்லோருக்கும் பிறக்கும்போதே மூட்டு சென்சார் பொருத்தித்தான் அனுப்பியிருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொடுங்கள், தொட்டுவிடுவீர்கள். தசைக்குள் நீட்சியை அளக்கும் கதிர் உறுப்புகள் இருக்கின்றன, தசைநாணில் இழுவையை அளப்பவை இருக்கின்றன. இந்தத் தன்னுணர்வுக்கு ஷெரிங்டன் 1906-இல் பெயர் வைத்தார். சத்தமில்லாமல் வேலை செய்வதால் அது இருப்பதே நமக்குத் தெரியாது. அதுவும் ஏமாறும். 1972-இல் ஒரு சோதனை: மேற்கையின் பைசெப்ஸ் நாணில் அதிர்வுக் கருவியை வைத்தால், கை அசையாமல் இருக்கும்போதே முழங்கை நீண்டுகொண்டு போவதாக ஆள் உணர்வார். தசை நீள்கிறது என்று அதிர்வு பொய்ச்செய்தி அனுப்புகிறது, மூளை நம்பிவிடுகிறது. அடிபட்ட மூட்டு, தேய்ந்த மூட்டு, வெட்டி மாற்றிய மூட்டு ஆகியவற்றின் செய்தியும் மங்கிப்போகிறது. நோயாளி தொண்ணூறு பாகை மடக்கியதாகச் சத்தியம் செய்வார், அறுபதுதான் இருக்கும். அவர் ஏமாற்றவில்லை. அவருக்குள் இருக்கும் அளவி பிசகிவிட்டது. அதை மறுபடியும் சரிசெய்ய வெளியே ஓர் அளவி வேண்டும். வாரம் ஒரு நாள் என்னிடம் வரும்போது நான் இருக்கிறேன். மீதி ஆறு நாளும் வீட்டில் யார் இருக்கிறார்கள்?

ஆனால் எவ்வளவு பேசவேண்டும் அந்தக் கருவி? விற்பவர்கள் ஒவ்வொரு மடக்கலுக்கும் பேசவைக்கிறார்கள். 1984-இல் சல்மோனி, ஷ்மிட், வால்டர் மூவரும் அசைவுக் கல்வி பற்றி அதுவரை வந்த சோதனைகளைத் திரும்பப் படித்து ஒரு சங்கடமான முடிவுக்கு வந்தார்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் முடிவைச் சொல்லிக்கொண்டே இருந்தால் பயிற்சியின்போது ஆள் பிரமாதமாகச் செய்வார். சொல்வதை நிறுத்தியதும் சரிவார். வெளிக்குரல் கிடைக்கும்போது உள்குரலைக் கேட்க ஆளுக்குத் தேவை வருவதில்லை. 1990-இல் வின்ஸ்டீனும் ஷ்மிட்டும் பாதி முயற்சிகளுக்கு மட்டும், அதுவும் போகப்போகக் குறைத்துக்கொண்டே, சொல்லிப் பார்த்தார்கள். மறுநாள் சோதித்தபோது குறைவாகக் கேட்டவர்களே நன்றாகச் செய்தார்கள். கூகுள் மேப் பார்த்தே ஒரு தெருவுக்கு இருபது தடவை போயிருப்போம், ஃபோனில் சார்ஜ் தீர்ந்த அன்று அந்தத் தெரு அந்நிய ஊர்.

அதனால் நான் கட்டும் பட்டையில் ஒலியை மாற்றிவைக்கச் சொல்லி ஓர் இளம் பொறியாளரை நச்சரித்தேன். முதல் வாரம் ஒவ்வொரு மடக்கலுக்கும் பீப். இரண்டாம் வாரம் மூன்றுக்கு ஒன்று. பிறகு, கண்ணை மூடி மடக்கி, தொண்ணூறு வந்துவிட்டது என்று தோன்றும் இடத்தில் நிறுத்தி, எண்ணை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். எண்ணிக்கையைத் திரையில் காட்டவே வேண்டாம் என்றேன். அவருக்கு அது புரியவில்லை. சார், எண்ணிக்கை இல்லாத ஆப்பை யார் டவுன்லோடு செய்வார்கள் என்றார். நியாயமான கேள்விதான், வியாபாரத்தில் அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. கடைசியில் எண்ணிக்கையை ஒரு மூலையில் சின்னதாக வைத்துக்கொண்டோம்.

அந்தப் பட்டையோடு ஒரு தையல்கார அம்மா வந்தார். நாற்பது வருடம் காலால் மிதித்த மிஷின், இரண்டு முழங்காலும் போய், ஒன்றை மாற்றியிருந்தார்கள். முதல் வாரமே பேரன் பட்டையைத் தன் காலில் கட்டிக்கொண்டு, டிவி பார்த்தபடி காலை ஆட்டி, பாட்டி கணக்கில் நூற்று நாற்பது சேர்த்துவிட்டான். அந்த அம்மா அதை அவரே வந்து சொன்னார், சிரித்துக்கொண்டே. ஆறாவது வாரம் பட்டையை அவிழ்த்துவிட்டேன். கட்டிலில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு குதிகாலை மெதுவாக இழுத்தார். ஓர் இடத்தில் நிறுத்தினார். கொஞ்சம் யோசித்தார். இன்னும் ஒரு நூல் இழுத்தார்.

“தொண்ணூறு.”

என் பழைய இரண்டு கைக் கோணமானியை எடுத்து வைத்தேன். 86.

“எண்பத்தாறுதாம்மா வருது.”

கண்ணைத் திறக்காமலே சொன்னார். “டேப்பைச் சரியா வைங்க தம்பி.”

கோணமானியில் நான்கைந்து பாகை முன்னே பின்னே வருவது எங்கள் தொழிலில் சகஜம், மாணவர்களுக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். குனிந்து பார்த்தேன். மேல்கை தொடை எலும்பின் நேரே இல்லாமல் சற்று விலகித்தான் இருந்தது. சரிசெய்து மறுபடி வைத்தேன். 89 காட்டியது. அந்த அம்மா காலை அசைக்கவே இல்லை.